தங்கள் பேரன்புக்கு நன்றி

ஷிபானா மேடத்திடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும். அவருடைய ஆன்லைன் மார்க்கெட்டிங் வகுப்பில் சேர்ந்த முப்பது பேருக்கும் இது முதல் வாரத்திலேயே தெரிந்துபோயிற்று. விளம்பரத்துக்கு நச்சென்று தலைப்பு வைப்பது எப்படி என்று ஒருத்தர் கேட்டார். மூன்று நாள் வீட்டில் யாரிடமும் எதையும் இரண்டாவது தடவை சொல்லாமல் இருந்து பாருங்கள் என்றார் மேடம். அவ்வளவுதான் பதில். கேட்டவர் பட்ட பாட்டை அவர் வீட்டம்மாவிடம்தான் விசாரிக்க வேண்டும்.

மேடத்துக்கு வயது இருபத்தேழு. மாணவர்களில் மூத்தவரான தில்லைநாயகத்துக்கு நாற்பத்தாறு, மீசையில் பாதி நரை. அவர் இவரை மேடம் என்பார், இவர் அவரை அண்ணாச்சி என்பார். குருவுக்கு வயசு பார்க்கிறவன் கடைசிவரை குட்டிச்சுவர்தான் என்பது நாயகத்தின் கட்சி.

நாயகம் இருபத்திரண்டு வருஷம் ஒரு பிஸ்கட் கம்பெனிக்கு லைன் சேல்ஸ் பார்த்தவர். பைக்கில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியவர். எந்தக் கடைக்காரர் மகளுக்கு எந்த மாசம் பிரசவம் என்பதுவரை அவருக்கு அத்துப்படி. ஒருநாள் கம்பெனி, ஆர்டரையெல்லாம் ஆப்பிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று கடைக்காரர்களுக்குச் சொல்லிவிட்டு, நாயகத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. எனக்கு ஆப்பு வைத்த ஆப்பையே படித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பிய மனுஷன் வந்து சேர்ந்த இடம்தான் இந்த வகுப்பு.

நாலாவது மாதம் மேடம் கடைசி வேலையைக் கொடுத்தார். ஆளுக்கு ஒரு நிஜமான கடையை எடுத்துக்கொள்ள வேண்டும். மாதம் முடிவதற்குள் ஆன்லைன் வழியாகவே பத்துப் பேரை அந்தக் கடைப் படி ஏற்ற வேண்டும். பத்தே பத்துப் பேர்.

நாயகம் எடுத்துக்கொண்டது தேவகிருபையின் கடையை. தேவகிருபை சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம் காலணி செய்த பெண்மணி. ஒரு கால் குட்டையாக இருப்பவர்கள், சர்க்கரையில் விரலை இழந்தவர்கள், பாதம் திரும்பிப் பிறந்தவர்கள் என்று, கடையில் விற்கிற எந்தச் செருப்பும் சேராத கால்களுக்கு அளவெடுத்துச் செய்வார். நம் ஊரில் இப்படி ஒன்று இல்லையே என்று சொந்த ஊருக்கு வந்து கடை திறந்தார். ஏழு மாதத்தில் வந்தவர்கள் நாலு பேர். ஆஸ்பத்திரிக்காரர்கள் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். மாதக் கடைசிச் சனிக்கிழமைக்குள் வருகிறேன் அல்லது வரவில்லை என்று சொல்லியாக வேண்டும். ஆள் வந்தால் கடை இருக்கும், வராவிட்டால் பூட்டு. கிருபை இதை அழாமல், சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கேட்ட நாயகத்துக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் வந்த நாலு பேரில் ஒருவரை நாயகம் கண்ணால் பார்த்திருந்தார். ஓய்வு பெற்ற மின்வாரிய லைன்மேன். கம்பை ஊன்றிக்கொண்டு கடைக்குள் போனவர், வெளியே வரும்போது அந்தக் கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். தெருமுனைவரை நடந்துபோய்த் திரும்பி வந்து, சும்மா இன்னொரு தடவை நடந்து பார்த்தார். நாயகம் அவரிடம் கெஞ்சி மூன்றாவது தடவையும் நடக்கவைத்தார்.

அந்த நடையைத்தான் ரீலாக எடுத்தார். முப்பத்தெட்டு விநாடி. பின்னால் நாயகத்தின் குரல், கடை கடையாகப் பழகிய குரல்:

"கடை கடையா உங்க காலுக்குச் செருப்பு தேடினது போதும். இனிமே செருப்பு உங்க காலைத் தேடும். வாங்க, பழைய பஸ் ஸ்டாண்டு, பிள்ளையார் கோயில் எதிர்ச்சந்து, கிருபை காலணியகம்."

ஃபோன் நம்பர் போடவில்லை. கையில் பசையோடு கிருபை ஃபோன் எடுக்க மாட்டார், காலைப் பார்க்காமல் ஃபோனில் பேசி ஆகப்போவதும் ஒன்றுமில்லை. கமென்ட் போடுகிறவர்களுக்காக, ஏழாம் பாடத்தில் படித்த ஆட்டோ ரிப்ளையை வைத்தார். யார் என்ன எழுதினாலும் அடுத்த நொடி பதில் போய்விடும்: 'தங்கள் பேரன்புக்கு நன்றி.' பக்கத்தில் ஒரு கும்பிடு. நாயகம் மரியாதை தெரிந்த ஆள்.

வெள்ளிக்கிழமை காலையில் ரீலைப் போட்டார். மதியத்துக்குள் முந்நூறு பேர் பார்த்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நாற்பதாயிரம். செவ்வாய்க்கிழமை ரெண்டு லட்சம்.

நாயகத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. பால்காரரை நிறுத்திக் காட்டினார். சலூனில் பாதி ஷேவிங்கில் எழுந்து எல்லோருக்கும் காட்டினார். தெருவில் வீட்டுக்கு வீடு மிக்சர் பொட்டலம் கொடுத்தார். "ஃபோனைக் கீழ வச்சுட்டுத் தின்னுங்க, இட்லின்னு நினைச்சு சட்னிக் கிண்ணத்தைக் கடிச்சிரப் போறீக" என்று மகராசி, அவர் மனைவி, மூன்று வேளையும் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாரே தவிர, அவரும் அடுப்படியிலிருந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் இப்போ எவ்வளவு, இப்போ எவ்வளவு என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கமென்ட் மட்டும் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. நாயகம் அந்த எண்ணைப் பார்ப்பார், கன்னத்தில் போட்டுக்கொள்வார், மூடிவிடுவார்.

கூட்டம் வந்தால் சமாளிக்க வேண்டாமா? பந்தல்காரரிடம் இருபது பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிக் கடை வாசலில் வரிசையாகப் போட்டார். பிஸ்கட் அட்டைப்பெட்டியை வெட்டி நூறு டோக்கன் எழுதினார். கிருபையும் சேர்ந்துகொண்டு தோலையெல்லாம் வெட்டித் தயாராக வைத்தார். அவர் முகத்திலும் ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

திங்கட்கிழமை ஒருத்தர் வந்தார். இங்கே ஜெராக்ஸ் எடுப்பீர்களா என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை ஒரு பெரியவர் வந்து நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்து, யார் வீட்டு விசேஷம் என்று விசாரித்தார். புதன்கிழமை யாருமே வரவில்லை. அன்றைக்குத்தான் ரீல் நாலு லட்சத்தைத் தொட்டது.

சாயங்காலம் கிருபை, வெட்டி வைத்த தோலை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் அடுக்க ஆரம்பித்தார். நாயகம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கிருபை நிமிராமலே கேட்டார்:

"நாலு லட்சம் பேர் பார்த்தாங்கன்னு சொன்னீங்களே அண்ணாச்சி, அதுல ஒருத்தருக்குக் கூடவா கால் வலிக்கலை?"

நாயகம் சந்துக்கு வெளியே வந்து மேடத்துக்கு ஃபோன் போட்டார். நடந்ததையெல்லாம் கொட்டினார். நாற்காலி, டோக்கன், ஜெராக்ஸ் ஒன்றையும் விடவில்லை. கடைசியில், மனதைப் போட்டு அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேவிட்டார்.

"இருபத்திரண்டு வருஷம் கடைப் படி ஏறினேன் மேடம். அங்க நூறு பேரைப் பார்த்தா பத்துப் பேராவது வாங்குவாங்க. இங்க நாலு லட்சம் பேருக்கு ஒருத்தர் இல்லை. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இந்த வலையில இருக்கிற ஆளெல்லாம் நிஜ ஆளா, பொய் ஆளா?"

மேடம் ரீலைத் திரும்ப ஓடவிட்டிருக்க வேண்டும், நாயகத்தின் குரல் அவருக்கே கேட்டது.

"இதை ஃபோன்ல பேச முடியாது அண்ணாச்சி. நாளைக்கு நேர்ல வாங்க. பழைய பஸ் ஸ்டாண்டுல இறங்கி, பிள்ளையார் கோயில் எதிர்ச்சந்து. பச்சைக் கேட்டு வீடு."

சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நாயகத்துக்குச் சோகமெல்லாம் பறந்தது. முப்பது பேரில் ஒருத்தரைக்கூட மேடம் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. அதிலும் பாருங்கள், அங்கேயும் பழைய பஸ் ஸ்டாண்டு, அங்கேயும் பிள்ளையார் கோயில் எதிர்ச்சந்து. நம்ம கடை விலாசம் மாதிரியே இருக்கிறதே, சகுனம் பிரமாதம் என்று மகராசியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். வியாழக்கிழமை விடிந்ததும் குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டி, கொய்யாப்பழம் ரெண்டு கிலோ வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். பெரிய ஆள் பெரிய ஊரில்தான் இருப்பார் என்று அவராகவே முடிவு கட்டி, புறப்பட நின்ற மதுரை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

வண்டி ஊரைத் தாண்டியதும் கண்டக்டர் வந்தார்.

"பழைய பஸ் ஸ்டாண்டு ஒண்ணு" என்று நோட்டை நீட்டினார் நாயகம்.

"எந்த ஊரு பழைய பஸ் ஸ்டாண்டு?"

"பிள்ளையார் கோயில் பக்கத்துல."

"அண்ணாச்சி, பழைய பஸ் ஸ்டாண்டு இல்லாத ஊரு ஏது? பிள்ளையார் கோயில் ஊருக்கு நாலு இருக்கு. எந்த ஊருன்னு சொல்லுங்க, கிழிக்கேன்."

நாயகம் வாயைத் திறந்தார். ஊர் வரவில்லை. நாலு மாதம் வாரம் மூன்று நாள் திரையில் முகம் பார்த்துப் பேசிய மனுஷி எந்த ஊர்க்காரர் என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு கடைக்காரரின் மாமனார் ஊர்வரை தெரிந்துவைத்திருந்த நாயகத்துக்குத் தெரியாது. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கண்டக்டர் அடுத்த நிறுத்தத்தில் மரியாதையாக இறக்கிவிட்டார்.

இறங்கியதும் மேடத்துக்கு ஃபோன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. 'எந்த ஊர் மேடம்?' என்று மெசேஜ் அனுப்பினார். உடனே பதில் வந்தது.

'தங்கள் பேரன்புக்கு நன்றி.' பக்கத்தில் ஒரு கும்பிடு.

சரியாகப் படிக்கவில்லை போலிருக்கிறது என்று, 'ஊர்ப் பேர் சொல்லுங்கள் மேடம்' என்று மறுபடி அனுப்பினார். அதற்கும் நன்றி, கும்பிடு. மூன்றாவது தடவை கொஞ்சம் நீட்டியே எழுதினார்: 'மேடம், உங்களைப் பார்க்கத்தான் வந்துகொண்டிருக்கிறேன். நடுரோட்டில் நிற்கிறேன். தயவுசெய்து எந்த ஊர் என்று மட்டும் சொல்லுங்கள்.'

'தங்கள் பேரன்புக்கு நன்றி.'

நாயகத்துக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. கேட்டது என்ன, சொல்வது என்ன? ஒரு மனுஷன் வெயிலில் நின்று வழி கேட்டுக் கெஞ்சுகிறான், இது என்ன கும்பிடு வேண்டிக்கிடக்கிறது என்று கொய்யாப்பழப் பையைத் தொப்பென்று வைத்தார். வைத்த பிறகுதான் அந்த வாசகம் யாருடையது என்று உறைத்தது.

நிழற்குடையின் சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்து, ரீலுக்கு வந்த கமென்ட்டுகளை முதல் தடவையாகத் திறந்து படித்தார். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு.

'எந்த ஊரு அண்ணாச்சி?' அதன் கீழே நன்றி, கும்பிடு. 'ஊர் பேர் போடுங்க சார்.' நன்றி, கும்பிடு. 'எங்க அப்பாவுக்கு சுகர், ரெண்டு விரல் எடுத்தாச்சு, எங்க வரணும்?' நன்றி, கும்பிடு. 'யோவ் எந்த ஊருய்யா?' அதற்கும் கும்பிடு. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது.

மாரிச்செல்வி என்று ஒரு பெண். ஒன்பது தடவை எழுதியிருந்தார். முதலாவதில், என் மகளுக்கு எட்டு வயசு, வலது கால் ரெண்டு அங்குலம் குட்டை, ஸ்கூலுக்கு ஷூ வேணும், எந்த ஊர் என்று கேட்டிருந்தார். பிறகு ஒவ்வொரு நாளும் கேட்டிருந்தார். சில நாள் ரெண்டு தடவை. எட்டாவதில், எவ்வளவு தூரமானாலும் வருகிறோம் ஐயா என்று இருந்தது. ஒன்பதாவதில் கேள்வியே இல்லை. 'பரவாயில்லை ஐயா. உங்களுக்கும் நன்றி.'

நாயகம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. பிஸ்கட் விற்ற காலத்தில் இப்படி ஒரு கேள்வியை ஒரு கடைக்காரர் கேட்டிருந்தால், பைக்கைத் திருப்பிக்கொண்டு அவர் வீட்டுக்கே போய்ப் பதில் சொல்லியிருப்பார். அவ்வளவு பேர் கேட்டிருக்கிறார்களே, அவ்வளவு பேர் வரத் துடித்திருக்கிறார்களே என்று நினைக்க நினைக்க அந்த வெட்கத்துக்குள்ளிருந்தே ஒரு பரபரப்பும் கிளம்பியது. துண்டை உதறித் தோளில் போட்டார். ஆட்டோ ரிப்ளையை அணைத்தார். மாரிச்செல்விக்கு முதலில் எழுதினார்: 'தென்காசி.' கூடவே தன்னுடைய நம்பர்.

ஊர்ப் பேரை நானும்தான் இத்தனை நேரம் உங்களுக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். நம் ஊர் எல்லோருக்கும் தெரியும் என்கிற நினைப்பு யாரை விட்டது?

அஞ்சு நிமிஷத்தில் ஃபோன் வந்தது. மாரிச்செல்விதான்.

"தென்காசின்னா எந்தத் தென்காசி ஐயா? நம்ம தென்காசியா?"

"ஆமாம்மா. நீங்க எங்கிருந்து பேசுதீங்க?"

"மேலகரம். பழைய பஸ் ஸ்டாண்டு வழியாத்தான் தினமும் வேலைக்குப் போறேன். பிள்ளையார் கோயில்ல நின்னு கும்பிட்டுட்டுத்தான் போறேன். இவ்வளவு நல்ல கடை நம்ம ஊருலயா இருக்கப் போகுது, எங்கயோ வெளியூருன்னு நானே நினைச்சுட்டேன்யா."

நாயகத்துக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சனிக்கிழமை காலை வரச் சொன்னார். எதிர்ச்சாரி டீக்கடையில் ஃபோனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டு, கொய்யாப்பழத்தைக் கடைக்காரருக்கும் கொடுத்துத் தானும் தின்றுகொண்டு, ஒவ்வொருவருக்காகப் பதில் எழுத ஆரம்பித்தார். அன்று முழுக்க எழுதினார், வெள்ளிக்கிழமையும் எழுதினார். ராஜபாளையத்துக்காரருக்கு எந்த பஸ், எங்கே இறங்கி எப்படித் திரும்ப வேண்டும் என்று எழுதினார். விரலை எடுத்த அப்பாவுக்கு, புண் ஆறியிருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வரச் சொன்னார். வேலூர்க்காரர் ஒருவருக்கு, இவ்வளவு தூரம் அலைய வேண்டாம், சென்னையில் கிருபை வேலை பார்த்த ஆஸ்பத்திரி பக்கம், அங்கேயே நன்றாகச் செய்வார்கள் என்று வழி சொன்னார். 'யோவ்' என்று கேட்டவருக்கும் பதில் போட்டார். விரல் வலித்தது, மனசு கும்மாளம் போட்டது.

சனிக்கிழமை காலையில் முதல் ஆளாக மாரிச்செல்வி மகளோடு வந்துவிட்டார். பிள்ளை பெயர் பவதாரணி. கிருபை தரையில் தாளை விரித்து, பாதத்தை வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைந்தார். கூச்சத்தில் பிள்ளை நெளிந்து நெளிந்து சிரித்தது. நாலு தடவை வரைய வேண்டியதாயிற்று.

"நடந்தா லைட் எரியுமே, அந்த மாதிரி வருமா அக்கா?" என்று கேட்டது.

"ரெண்டு கால்லயும் எரிய வச்சுருவோம்" என்றார் கிருபை.

பதினொன்றரைக்குள் நாற்காலியில் ஆள் இருந்தது. டோக்கன் கொடுக்கிற அளவுக்குக் கூட்டம் இல்லை, ஆனாலும் நாயகம் ஆசைக்கு ஆளுக்கொன்று கொடுத்தார். நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. கிருபை கையில் பசை. ஸ்பீக்கரில் போடச் சொல்லி நாயகத்திடம் கண்ணைக் காட்டினார். வரவில்லை என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்டார்கள்.

"மூணு வாரம் கழிச்சு ஒரு பிள்ளைக்கு அளவு திரும்பப் பார்க்கணும். நான் அங்க வந்துட்டா இங்க யாரு பார்ப்பா?"

நாயகம் சந்துக்கு ஓடிவந்து மேடத்துக்கு ஃபோன் போட்டார். இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுத்தார். மூச்சுவிடாமல் சொல்லி முடித்த பிறகுதான் நாயகத்துக்குக் கணக்கு ஞாபகம் வந்தது.

"ஏழு பேர்தான் மேடம். மூணு குறையுது. ஃபெயில்னாலும் போட்டுக்கங்க, எனக்கு வருத்தமில்லை. ஆனா ஒண்ணு கேக்கணும். அந்த ஆட்டோ ரிப்ளையை எனக்கு மட்டும் வர்ற மாதிரி எப்படி வச்சீங்க? ஏழாம் பாடத்துல அது இல்லையே?"

"ஆட்டோ ரிப்ளையா? நான் எங்க வச்சேன்? மூணையும் உட்கார்ந்து கையாலதான் அடிச்சேன்."

நாயகம் அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். மேடமும் சிரித்தார்.

"உங்க கேள்வி என்னாச்சு அண்ணாச்சி? வலையில இருக்கிறவங்க நிஜ ஆளா, பொய் ஆளான்னு கேட்டீங்களே?"

"நிஜம் மேடம். ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினாறு கமென்ட்டையும் படிச்சுப் பார்த்துட்டேன். ஒருத்தர் விடாம நிஜ ஆளு. பொய் ஆளுன்னு ஒருத்தர் கூட இல்லை."

"அப்போ ஆறு நாளா அவங்களுக்குப் பதில் சொல்லிக்கிட்டு இருந்தது யாரு?"

நாயகம் ஃபோனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் ஒரு கும்பிடு போட்டார்.